எல்லாம் இலவசம்தானே, பிறகு ஏன் பிள்ளை வரவில்லை?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலை இடைவிலகல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வரும். பாடப்புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம், படிப்புக்குக் கட்டணம் கிடையாது. இருந்தும் வாகரை, கிரான், வவுணதீவு, வெல்லாவெளி, திருக்கோவில், பொத்துவில் போன்ற பகுதிகளில் பெயர் இடாப்பில் இருக்க, கதிரை காலியாகக் கிடக்கும் வகுப்புகள் உண்டு. "தாய் தகப்பனுக்கு அக்கறை இல்லை" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பிழையான பதில்.

ஓர் ஆசிரியரால் ஒரு குடும்பத்தின் வறுமையைப் போக்க முடியாது. ஆனால் அந்த வறுமை நாள்தோறும் நாற்பது பேர் முன்னால் வெளியே இழுக்கப்படுவதை அவரால் நிறுத்த முடியும். பிள்ளை பாடசாலையை விட்டு ஒதுங்குவதில் இந்த இரண்டாவது விடயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது இலவசம், எது இல்லை

அப்போதைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980-இலிருந்து பாடப்புத்தகங்களும், 1993-இலிருந்து சீருடைத் துணியும் இலவசமாகின. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016-இல் 5 முதல் 16 வரை என்று நீட்டப்பட்டது. வறிய குடும்பங்களுக்கு அரசு வழங்கிய சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023-இல் அஸ்வெசும என்ற கொடுப்பனவு வந்தது. 2025 பாடசாலை ஆண்டுக்காக அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எழுதுபொருள் வாங்க 6,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. இவை பெரிய விடயங்கள். எத்தனையோ நாடுகளில் இவை கனவு.

இலவசமாகாதவை சின்னச் சின்னவை: கொப்பி, பை, சப்பாத்து, சீருடை தைக்கும் கூலி, வெள்ளைச் சட்டை தோய்க்கும் சவர்க்காரம், பஸ் காசு, தவணைப் பரீட்சை வினாத்தாள் அடிக்கும் காசு, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிற டீசேர்ட், வாணி விழா, ஒளி விழா, மீலாத் விழா, ஆசிரியர் தினம், சுற்றுலா. இவற்றுக்கு மேல் டியூசன். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு தொகைதான். அதனாலேயே கேட்பவருக்கு அதன் பாரம் தெரிவதில்லை.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சின்னச் செலவுகளின் அளவு மாறிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பிறகு பணவீக்கம் இறங்கியது என்று செய்தி வந்தது. பலர் இதை விலை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். பணவீக்கம் இறங்குவது என்றால் விலை கூடும் வேகம் குறைகிறது என்றுதான் பொருள். ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கும். கொப்பி விலையும் அப்படித்தான் நின்றது. நாட்கூலி அந்த அளவுக்கு உயரவில்லை.

செலவு வரும் மாதமும் காசு வரும் மாதமும்

இந்தப் பிரதேசத்தில் வறிய குடும்பங்களின் வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. வயலில் கூலி, வாவியில் மீன், கரைவலை, மேசன் வேலை, கல்லரிதல், விறகு, வீட்டில் கோழி, மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பும் காசு என்று அது விட்டு விட்டு வரும்.

கிழக்கில் வடகீழ்ப் பருவமழை நவம்பர், டிசம்பரில் கொட்டும். அந்த வாரங்களில் தாழ்நிலக் கிராமங்களில் வெள்ளம் நிற்கும், கூலி வேலை இருக்காது, தோணியும் இறங்காது. மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் அறுவடை சூடுபிடிப்பது பெப்ரவரி, மார்ச்சில். இடையில் வருகிறது ஜனவரி. கொவிட்டுக்குப் பின் சில ஆண்டுகள் தேதி தள்ளிப்போனாலும், வழமையான பாடசாலை ஆண்டு தொடங்குவது அந்த மாதத்தில். கொப்பி, பை, சப்பாத்து, வசதிக்கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் மாதம், வீட்டில் கை வறண்டிருக்கும் மாதமாகவும் அமைந்துவிடுகிறது. அதே பிள்ளையின் தகப்பனிடம் மார்ச் கடைசியில் கேட்டால் காசு கிடைக்கக்கூடும். ஒரு பாடசாலை தன் வசூலை இரண்டு மாதம் பின்னால் தள்ளினாலே பாதிப் பிரச்சினை இல்லாமல் போகும் என்பது என் எண்ணம்.

இதோடு நுண்கடனையும் சேர்க்க வேண்டும். கிழமைக்குக் கிழமை தவணை கட்ட வேண்டிய வீட்டில், கையில் வரும் முதல் காசு பிள்ளையின் பைக்குப் போகாது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை படுவான்கரை, கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்கே படிப்பிக்கும் ஆசிரியர்களில் பலர் கிழக்கிலிருந்து போய் வருபவர்கள். காலையில் வந்து, மணி அடித்ததும் பஸ் பிடிக்க ஓட வேண்டியவருக்குப் பிள்ளையின் வீடு தெரிய வாய்ப்பில்லை. இதை ஆசிரியர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. அவர்களின் சம்பளமும் 2022-இல் அடிபட்டதுதான். ஆனால் இந்தத் தூரத்தால் வகுப்பறையில் நடக்கும் ஒன்றுக்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்பட்டுவிடுகிறது: தூங்கி விழுவது சோம்பலாகத் தெரிகிறது, கொப்பி இல்லாதது அலட்சியமாகத் தெரிகிறது.

காசில்லாத நிலை படிப்பை எப்படித் தொடுகிறது

இரண்டு ஆய்வுகளை இங்கே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டுமே நமக்கு அண்டையில் நடந்தவை.

1. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடைக்குப் பின் காசு வந்த நேரத்திலும் அதே ஆட்களுக்கே சிந்தனைப் பரீட்சைகள் வைத்தார்கள். காசில்லாத நேரத்தில் அவர்கள் குறைவாகச் செய்தார்கள். மூளை அதே மூளை. அதில் ஒரு பகுதியை நாளைய செலவு பற்றிய கணக்கு பிடித்துக்கொண்டிருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

2. உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹொஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 11, 12 வயதுச் சிறுவர்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி என்பது சொல்லப்படாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு செய்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது.

இரண்டாவது ஆய்வு சாதி பற்றியது, நாம் பேசுவது காசு பற்றியது. ஆனாலும் பொறிமுறை கவனிக்க வேண்டியது. அந்தச் சிறுவர்களின் திறமையில் எந்த மாற்றமும் இல்லை. தான் யார் என்று பலர் முன்னால் அறிவிக்கப்பட்டதுதான் மாறியது. நம் வகுப்பறைகளில் இப்படியான அறிவிப்பு எங்கே நடக்கிறது என்று தேடினால் நிறையவே கிடைக்கும்.

அறிவிப்பு நடக்கும் இடங்கள்

1. காசு சேர்க்கும் நேரம்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். "இன்னும் காசு தராத ஆக்கள் எழும்புங்க" என்ற ஒரு வசனம், மேலே சொன்ன ஆய்வை அப்படியே நடத்திக் காட்டுகிறது. சில வகுப்புகளில் பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டு நாட்கணக்கில் அழிக்கப்படாமல் இருக்கும். சிலவற்றில் வகுப்புத் தலைவரே கொப்பியில் குறித்துக்கொண்டு நண்பர்களிடம் கேட்டுத் திரிவார். எழுந்து நின்ற பிள்ளை அடுத்த பாடத்தில் கணக்குச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது முறை எழுந்து நிற்க வேண்டிய நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடும். அந்த ஒரு நாள், எழுதாத கொப்பிகளாகத் தொடரும். எழுதாத கொப்பி இன்னொரு ஏச்சைக் கொண்டுவரும். இடைவிலகல் பெரும்பாலும் இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகிறது. ஒரு நாளில் எடுத்த முடிவாக அது இருப்பதில்லை.

முதலில் உரிமையைத் தெளிவாக்கிக்கொள்வோம். காசு கட்டவில்லை என்பதற்காக அரச பாடசாலையில் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த முடியாது. வினாத்தாள், முன்னேற்ற அறிக்கை, விடுகைப் பத்திரம் ஆகியவற்றைக் காசைக் காட்டிப் பிடித்துவைப்பதும் நியாயமில்லை. காசு தேவைப்பட்டால் அதைப் பிள்ளையிடம் கேட்பதை விட்டுவிட்டுப் பெற்றோரிடம் கேட்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி மூடிய உறை கொடுத்து அனுப்பலாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது, ஒன்றுமே இல்லையா என்பது வகுப்பாசிரியரைத் தாண்டிப் போகக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆண்டின் முதல் கூட்டத்திலேயே ஒரு சிறு தொகையைக் குறையை நிரப்புவதற்கென்று ஒதுக்கினால், வகுப்பாசிரியர் தன் கையிலிருந்து போட வேண்டியும் வராது. பல ஆசிரியர்கள் சத்தமில்லாமல் அப்படிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது நல்ல மனம். ஆனால் ஓர் ஒழுங்குமுறை செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி மனிதரின் சம்பளத்தில் சுமத்தக்கூடாது.

2. உதவி கொடுக்கும் நேரம்.

போருக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு இந்தக் கரையோரம் உதவிகளைப் பார்த்துப் பழகியது. இன்றைக்கு வெளிநாட்டில் வாழும் உறவுகள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள் என்று பலர் பையும் கொப்பியும் தருகிறார்கள். அந்த உதவி இல்லாமல் பல பிள்ளைகள் படித்திருக்க முடியாது. பிரச்சினை கொடுக்கும் முறையில் இருக்கிறது. காலைக் கூட்டத்தில் "வறிய மாணவர்கள்" என்று பெயர் கூப்பிட்டு, மேடையில் நிறுத்தி, பையைப் பிடித்தபடி படம் எடுத்து, அன்று மாலையே முகநூலில் போட்டுவிடுகிறார்கள். பத்து வயதில் எடுத்த படம் பதினாறு வயதிலும் அங்கேயே இருக்கும். அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களின் கையிலும் தொலைபேசி இருக்கிறது.

கொடுப்பவருக்குக் கணக்கு வேண்டும் என்பது நியாயமானது. அதற்குப் பற்றுச்சீட்டு, அதிபரின் கையெழுத்திட்ட கடிதம், அடுக்கிவைத்த பொருட்களின் படம் போதும். பிள்ளையின் முகம் தேவையில்லை. முடிந்தால் ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். முடியாவிட்டால் பெற்றோரைப் பின்னேரம் தனியாக அழைத்துக் கொடுக்கலாம். "படம் போடாவிட்டால் தரமாட்டோம்" என்று சொல்பவரிடம் அதிபர் மறுத்துப் பேச வேண்டும். அது சங்கடமான பேச்சுத்தான், ஆனால் அந்தச் சங்கடத்தை ஏற்க வேண்டியவர் பெரியவரே.

3. சீருடையும் சப்பாத்தும்.

ஒரே ஒரு சீருடை உள்ள பிள்ளைக்கு மார்கழி மழையில் துணி காயாது. சேற்று ஒழுங்கை வழியே நடந்து வந்தால் வெள்ளைச் சப்பாத்து வெள்ளையாக இருக்காது. வாசலில் மாணவர் தலைவர்கள் நின்று பரிசோதிக்கும் பாடசாலைகளில், முதல் மணிக்கு முன்பே அந்தப் பிள்ளை தோற்றுவிடுகிறது. மழைக்கால வாரங்களில் செருப்பும் மாற்றுடையும் எல்லோருக்கும் அனுமதி என்று அதிபர் ஒரு அறிவித்தல் போட்டால் போதும். "இல்லாதவர்கள் மட்டும்" என்று போட்டால் பயனில்லை.

4. பசி.

அரசின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் தரம் 1 முதல் 5 வரைக்கானது. தரம் 6-க்குப் போனதும் உணவு நின்றுவிடுகிறது, பசி நிற்பதில்லை. வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு ஏழரைக்கு வந்த பிள்ளை மூன்றாம் பாடத்தில் மயங்கி இருப்பதை ஒழுக்கக் குறையாகப் பார்க்காதீர்கள். இடைவேளையில் மரத்தடியிலோ தண்ணீர்க் குழாயடியிலோ தனியே நிற்கும் பிள்ளைகள் யார் என்று ஒரு கிழமை கவனித்தால் போதும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

5. ஒப்படைகள்.

கலர் பிரின்ட், பிரிஸ்டல் போர்ட், பசை, "இணையத்தில் தேடி வாருங்கள்". 2020, 2021 கொவிட் மூடல்களில் வட்ஸ்அப் வழியே பாடம் அனுப்பப்பட்டபோது, வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்பதை ஆசிரியர்கள் கண்ணால் கண்டார்கள். அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது. வகுப்பிலேயே, வகுப்பில் இருக்கும் பொருளைக் கொண்டு முடிக்கக்கூடிய ஒப்படையே எல்லோருக்கும் சமமானது. புள்ளி வழங்கும்போது அலங்காரத்துக்குப் புள்ளி போடாமல் விடுவதும் முக்கியம்.

எல்லோருக்கும் பொதுவாக வைப்பது

மேலே சொன்ன வழிகள் எல்லாவற்றிலும் ஒரே தர்க்கம்தான் இருக்கிறது: இல்லாதவர் கையை உயர்த்தும்படி வைக்காமல், தேவைப்பட்ட எவரும் எடுக்கும்படி வைப்பது. வகுப்பின் ஒரு மூலையில் ஒரு பெட்டி. அதில் பேனை, பென்சில், அளவுகோல், ஒற்றைத் தாள்கள். யார் எடுத்தாலும் கேள்வி இல்லை. பெண்பிள்ளைகளுக்கு அணையாடை பெற 2024-இல் அரசு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் திடீரென்று தேவைப்படும் நாளில் வவுச்சர் உதவாது. கழிப்பறைக்குப் பக்கத்தில், கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் சில பொதிகள் இருந்தால் அந்தப் பிள்ளை மாதத்தில் சில நாட்களை இழக்காது.

"வசதியான பிள்ளையும் எடுக்குமே" என்பார்கள். எடுக்கும். ஒரு பேனையின் விலை அவ்வளவுதான். யார் ஏழை என்று நிரூபிக்கச் சொல்வதால் வரும் இழப்பு அதைவிடப் பல மடங்கு. வசதியான பிள்ளையும் அதே பெட்டிக்குள் கையை விடுவதால்தான் அந்தப் பெட்டி யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறது.

இரக்கம் செய்யும் கெடுதல்

இங்கே ஒரு பிழை நேரலாம். வரவேற்கும் வகுப்பறை என்றால் வறிய பிள்ளைக்குச் சுலபமான கேள்வி, குறைந்த வேலை, "பாவம், இதுக்கு இவ்வளவு போதும்" என்ற பேச்சு என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். 1968-இல் அமெரிக்காவில் ரோசென்தால், ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் எதிர்பார்ப்பது பிள்ளையின் வளர்ச்சியைத் தொடும் என்ற கருத்தை முன்வைத்தது. அந்தத் தாக்கம் எவ்வளவு பெரியது என்பதில் பிறகு நிறைய வாதம் நடந்தது. ஆனால் எதிர்பார்ப்புக் குறைவதைப் பிள்ளை உணர்ந்துகொள்ளும் என்பதை, படிப்பித்த எவரும் அறிவார்.

ஆகவே அதே கடினமான கேள்வியை அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள், பதில் வரும்வரை கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். மாணவர் தலைவர், நாடகத்தில் முக்கிய பாத்திரம், பேச்சுப்போட்டி எல்லாம் அதே சில வீடுகளுக்கே போகிறதா என்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது பட்டியலைப் பாருங்கள். ஒரு போட்டிக்கு உடுப்பு வாங்க வேண்டும் என்றால், அந்தச் செலவு பாடசாலையுடையது என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் குரல் வளமுள்ள பிள்ளை "எனக்கு விருப்பம் இல்லை" என்று சொல்லிவிடும், நாமும் நம்பிவிடுவோம்.

இந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அறிவும் நிறையவே இருக்கிறது. வாவியில் எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும், வரம்பு எப்படிக் கட்ட வேண்டும், ஓர் ஏக்கருக்கு எவ்வளவு விதைநெல், கூத்தில் எந்தத் தருவுக்கு (பாட்டுக்கு) எந்தத் தாளம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். விஞ்ஞானமும் கணிதமும் அழகியலும் இவற்றிலிருந்து தொடங்கினால் பின்வரிசை வாங்கிலில் இருக்கும் பிள்ளை ஒரு பாடத்துக்காவது முன்னால் வரும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் பேரப்பிள்ளை கூத்துப் பாடத்தில் வாய் திறக்காமல் இருந்தால், கவனிக்க வேண்டியது நம் கேள்விகளை.

வரவு இடாப்பு சொல்வது

ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் விசாரிக்க வேண்டும். காரணங்கள் அநேகமாக இவற்றுள் ஒன்று: அறுவடை வேலை, தாய் வெளிநாடு போய் அம்மம்மாவுக்குச் சுகமில்லை, சின்னத் தம்பியைப் பார்க்க ஆளில்லை, வெள்ளம், பாடசாலையில் கேட்ட காசு. கடைசிக் காரணத்தைப் பிள்ளை வாயால் சொல்லாது. நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

திரும்பி வந்த நாளில் நடப்பது மிக முக்கியம். "எங்க போன இவ்வளவு நாளும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுநாளும் கதிரை காலிதான். விடுபட்ட பாடக் குறிப்புகளைப் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து வாங்கி முன்கூட்டியே வைத்திருந்து கொடுப்பது நல்ல வரவேற்பு. அடி என்ற பேச்சுக்கே இடமில்லை: கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்கிறது, 2021-இல் உயர் நீதிமன்றமும் ஆசிரியர் ஒருவர் மாணவரை அடித்தது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

வகுப்பாசிரியரால் முடியாத கட்டம் வரும்போது கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், வலயக் கல்வி அலுவலகம் ஆகியோரிடம் எழுத்தில் அறிவிக்கலாம். பிள்ளை துன்புறுத்தப்படுகிறது அல்லது வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது: ஆவணங்கள். தாய் வெளிநாட்டில், தகப்பன் பிரிந்து போனவர், வெள்ளத்தில் பத்திரங்கள் போன வீடு என்றால் பிறப்புச் சான்றிதழ் சிக்கலில் இருக்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்கு அதிபர் ஊடாக விண்ணப்பிக்கும்போது பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இதைத் தரம் 11-இல் கண்டுபிடித்தால் காலம் போதாது. தரம் 8, 9-இலேயே வகுப்பாசிரியர் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் பிரதி கேட்டு வாங்கி வைத்தால், யாரிடம் இல்லை என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாமலே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். குறையுள்ளவர்களைப் பிரதேச செயலகத்துக்கு வழிகாட்டி அனுப்ப இரண்டு ஆண்டுகள் கையில் இருக்கும்.